ஆறுதல் பரிசு

மின்னஞ்சல் வந்தபோது
நான் எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.
உட்லண்ட்ஸ் பலதுறை மருந்தகம், நான்காம் முகப்பு.
தற்காலிக வேலை, மணிக்குப் பன்னிரண்டு வெள்ளி.
இருமிக்கொண்டே ஒருவர் எழுந்து வர,
மேசைக்கடியில் திரை ஒளிர்ந்து அணைந்தது.
இரண்டாம் வரியில் 'வருந்துகிறோம்'.
மற்ற வரிகளெல்லாம் அந்தச் சொல்லுக்குக்
குடை பிடித்துக்கொண்டு நின்றன.

"ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா, அங்கிள்?"
கேட்டது என் குரல்தான்.
அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

நேர்காணலில் எட்டு அறைகள்.
ஐந்தாவதில் ஒரு நடிகை உட்கார்ந்திருந்தாள்.
அவள் என் பக்கத்து வீட்டுக்காரியாம்.
அவளுடைய பூனையை நான் கார் ஏற்றிக் கொன்றுவிட்டேனாம்.
அதை அவளிடம் சொல்ல வேண்டும்,
எட்டு நிமிடத்தில்.
தணிந்த குரலில் சொன்னேன். கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.
பூனையின் பெயரைக் கேட்டேன்.
அவள் அழுதாள், அவ்வளவு நிஜமாக அழுதாள்,
மணி அடித்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.
அதுதான் தப்போ?
இல்லை, மூன்றாம் அறையில்
உறுப்பு தானம் பற்றி உளறினேனே, அதுவா?
விண்ணப்பதாரர்களுக்குத் தனித்தனியே
காரணம் சொல்ல இயலாதாம்.
என்னை உட்காரச் சொல்லாத கடிதம்.
பூனையின் பெயரைக் கேட்காத கடிதம்.

அட்மிரல்ட்டி வரை நடந்தே வந்தேன்.
மழை வரும்போல் இருந்தது, வரவில்லை.
மின்தூக்கியில் திருமதி கோ, இரண்டு பை கீரையோடு.
"டாக்டர் ஆயாச்சா?"
"இன்னும் இல்லை, ஆன்ட்டி."
பொய் சொல்லவில்லை என்று ஒன்பதாம் மாடியில் தோன்றியது.
பொய்தான் என்று பத்தாம் மாடியில்.
அவர் பதினொன்றில் இறங்கிக்கொண்டார்.

அம்மாவிடம் சொல்ல எட்டு நிமிடம் ஆகவில்லை.
"கிடைக்கலம்மா."
அடுப்பை அணைத்தாள். மறுபடி பற்றவைத்தாள்.
"சாப்பிட்டியா?" என்றாள்.

ரிஃப்காவுக்குக் கிடைத்துவிட்டது.
அவள் அனுப்பிய படத்துக்கு மூன்று இதயம் போட்டேன்.
ஒன்று மட்டும் போட்டால் தெரிந்துவிடும்.

அப்பாவுக்கு பஸ் டிப்போவில் இரவு வேலை.
அவரிடம் யார் சொன்னது, எப்போது சொன்னது, தெரியாது.
மறுநாள் மாலை என் மேசைமேல்
அறுபது வெள்ளி இருந்தது.
பக்கத்தில், ரப்பர் பேண்டு போட்டு,
நாலு நம்பர் சீட்டுகள், பதினொன்று.
எல்லாவற்றிலும் ஒரே எண்.
என் விண்ணப்ப எண்ணின் கடைசி நான்கு இலக்கம்.
நான் விண்ணப்பம் அனுப்பிய வாரத்திலிருந்து
புதன்தோறும் ஒரு வெள்ளி கட்டியிருக்கிறார் மனிதர்,
கோப்பிக்கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு.
பதினோரு புதன் தோற்று
பன்னிரண்டாவதில் விழுந்திருக்கிறது.
முதல் பரிசு இல்லை. மூன்றாவதும் இல்லை.
பட்டியலின் அடியில், பத்து எண்களில் ஒன்றாக:
ஆறுதல் பரிசு.
அப்படித்தான் அதற்குப் பெயர், நான் வைக்கவில்லை.

வேலைக்குக் கிளம்பப் பல் துலக்கிக்கொண்டிருந்தவர்
வாய் நிறைய நுரையோடு எட்டிப் பார்த்து,
"நம்பர் நல்ல நம்பர்தான்" என்றார்.
சிரிக்கத் தொடங்கினேன்.
எந்த இடத்தில் அது வேறொன்றாக மாறியதென்று
கவனிக்கவில்லை.
அவர் துண்டை நீட்டினார், அவருடைய ஈரத் துண்டை.

அறுபது வெள்ளி இன்னும் செலவாகவில்லை.
அடுத்த ஆண்டு மறுபடி எழுதலாம்.
எழுதாமலும் போகலாம்.
எழுதினால் வேறு எண் கொடுப்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலை முகப்பைத் திறந்து
முதல் எண்ணை அழுத்தினேன்.
யாரும் எழவில்லை.
இன்னொரு முறை அழுத்தினேன்.
தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்மணி,
காதுக் கருவியைத் திருகிக்கொண்டே,
"என்னையா கூப்பிட்டீங்க?" என்றார்.
"உங்களைத்தான்.
உட்காருங்கள்."